லெபனான் சாப்பாடும் திண்டுக்கல் நாக்கும்

திண்டுக்கல்லுக்கு ஒரு நாக்கு உண்டு. அது லேசில் ஏமாறாத நாக்கு. பூட்டு, புகையிலை, தோல் பதனிடுதல் என்று இந்த ஊருக்குப் பல கீர்த்திகள் இருந்தாலும், ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் கேட்கிற கேள்வி பூட்டைப் பற்றியது அல்ல, "இங்கே எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும்?" என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் ஆட்டோக்காரர் ஒரு கடையைச் சொல்வார். பக்கத்தில் நிற்கிற வக்கீல் குமாஸ்தா அதை மறுப்பார். வெற்றிலைக் கடைக்காரர் இரண்டு பேரையும் மறுத்து, மூன்றாவதாக ஒரு சந்துக்குள்ளே வழிகாட்டுவார். மூன்று பேரிடமும் காரணம் இருக்கும். ஒருவர் அரிசியைப் பற்றிப் பேசுவார், ஒருவர் ஆட்டின் வயதைப் பற்றி, மற்றொருவர் தம் போடுகிற விறகைப் பற்றி. விமரிசனக் கலை தமிழ்நாட்டில் வளரவில்லை என்று வருத்தப்படுகிற நம் இலக்கிய நண்பர்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நடை வந்து போகலாம்.

1957-ஆம் ஆண்டில் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே பிற்பாடு கடைக்குப் பெயராகி, கடல் கடந்தும் போயிற்று. அது பெரிய கதை; இங்கே எனக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பகுதிதான். சீரகச் சம்பா அரிசி. கன்னிவாடி, பரமத்திச் சந்தைகளின் ஆடு. இந்த இரண்டையும் அந்தக் கடை தன் பெருமையாகச் சொல்லிக் கொண்டது. ஜனங்களும் அதைத் தங்கள் பெருமையாக எடுத்துக் கொண்டார்கள். எந்தச் சந்தை ஆடு என்று கேட்டுவிட்டு இலை முன் உட்காருகிறவர்களை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். பாஸ்மதி அரிசி என்று தெரிந்தால் முகத்தைச் சுளித்துக் கொண்டு எழுந்து போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட ஊரில் இப்போது சாயங்கால வேளைகளில் வேறு ஒரு வாசனை அடிக்கிறது. பழனி ரோடு, கல்லூரிகள் இருக்கிற பக்கம், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய தெருக்கள் என்று எங்கே போனாலும் ஒரு கம்பி சுழல்கிறது. கம்பியில் கோழிக்கறி கூம்பாக அடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் செந்தழல். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் நீளக் கத்தியால் சீவித் தள்ளுகிறான். மேலே பலகையில் 'அரேபியன்' என்றோ, இன்னும் கொஞ்சம் துணிந்து 'லெபனீஸ்' என்றோ எழுதியிருக்கிறது. சில பலகைகளில், ஒருவேளை பாதுகாப்புக்காக, இரண்டும் எழுதியிருக்கின்றன.

துபாயில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்த என் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் போன தடவை என்னிடம், "சித்தப்பா, திண்டுக்கல்லில் நல்ல லெபனான் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். வெளியே போய்ச் சாப்பிடுகிற நடுத்தரக் குடும்பத்தார் அத்தனை பேரும் கேட்க வேண்டிய கேள்வி. இதற்காகவே பல மாலைகள் இந்த ஊரிலும், கரூர், மதுரைப் பக்கத்திலும் கடை கடையாக நின்று சாப்பிட்டுப் பார்த்தேன். அவன் கேள்விக்கு என் பதிலைச் சொல்வதற்கு முன்னால் லெபனானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லெபனான் சின்ன தேசம். மொத்த விஸ்தீரணம் 10,452 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டமே 6,266 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. இரண்டு மாவட்டத்துக்குக் கூட வராத தேசம். ஒரு பக்கம் கடல், நடுவிலே மலை, மலைக்கு அப்பால் பெக்கா என்கிற சமவெளி. மலையும் சமவெளியும் சேர்ந்தே இருப்பதால் பழமும் காய்கறியும் தானியமும் பக்கத்திலேயே விளைகின்றன. கொடைக்கானல் மலையும் ஒட்டன்சத்திரத்துச் சமவெளியும் சேர்ந்திருக்கிற நமக்கு இந்த அமைப்பு நன்றாகவே புரியும். அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் டுரூஸ் மதத்தினரும் கலந்து வாழ்கிறார்கள். மாரோனைட், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவது நெடுநாள் வழக்கம். ஆகவே இறைச்சியில்லாத பதார்த்தங்கள் அந்நாட்டில் ஏழையின் கஞ்சியாக ஒதுங்கிவிடாமல், பண்டிகை மேஜைக்கும் வந்து உட்கார்ந்து விட்டன.

அந்த மேஜைக்கு 'மெஸ்ஸே' என்று பெயர். நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதார்த்தங்கள் வந்துகொண்டே இருக்கும். கொண்டைக்கடலையை வேகவைத்து, அரைத்த எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்துக் குழைத்தது ஹம்மஸ். கத்தரிக்காயை நெருப்பிலே சுட்டுத் தோலுரித்து, அதே எள் விழுதோடு பிசைந்தது முத்தபல். பார்ஸ்லி என்கிற கொத்துமல்லி ஜாதிக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, தக்காளி, வெங்காயம், புதினா, கொஞ்சம் உடைத்த கோதுமை, எலுமிச்சைச் சாறு விட்டுக் கலந்தால் தப்பூலே. தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்தால் லப்னே. அரிசியையும் மைசூர்ப் பருப்பு ஜாதிப் பயறையும் ஒன்றாக வேகவைத்து, வெங்காயத்தைக் கருகக் கருக வறுத்து மேலே தூவினால் அது முஜத்தரா. கொங்குநாட்டார் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குகிற சாதத்தை அறிந்தவர்களுக்கு முஜத்தரா அந்நியமாகவே படாது. பெக்கா சமவெளியின் ஓரத்தில் ஸஹ்லே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றங்கரை நெடுக ஹோட்டல்கள். ஜனங்கள் அங்கே மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்களாம். இறைச்சி கடைசியில் வரும். வரும்போது பாதி வயிறு நிறைந்திருக்கும்.

இப்போது நம் பழனி ரோட்டுக்குத் திரும்புவோம். மெஸ்ஸே மேஜையில் இருந்த கொண்டைக்கடலை எங்கே? எள் எங்கே? சுட்ட கத்தரிக்காய் எங்கே? ஒன்றும் இல்லை. சுழலும் கம்பி ஒன்று மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கம்பிக்கும் பூர்வீகம் லெபனான் அல்ல. கறியைப் படுக்கை வசமாகச் சுடுவதை விட்டு, நிமிர்த்தி நிறுத்திச் சுழலவிடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் துருக்கியின் புர்ஸா நகரத்தில் பிரசித்தமாயிற்று. ஷவர்மா என்ற சொல்லே, சுழற்றுவது என்று பொருள்படும் துருக்கிச் சொல் அரபு நாக்கில் மாறியதுதான். ஒட்டோமான் ஆட்சியின் கீழிருந்த சிரியா, லெபனான் பக்கங்களில் அது தழைத்தது. லெபனான்காரர்கள் அதை அப்படியே வைத்துக் கொள்ளாமல் சொந்தமாக்கிக் கொண்டார்கள். அவர்கள் செய்த மாறுதலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ என்றால் எள் விழுதுச் சாறு, பார்ஸ்லி, வெங்காயம், ஸுமாக் என்கிற புளிப்புப் பொடி. கோழி என்றால் எள் கூடாது. பூண்டு விழுதும் ஊறுகாய் வெள்ளரிக்காயும்தான். பிரியாணிக்குத் தால்ச்சாவும் தயிர் வெங்காயமும் போல, ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஜோடி உண்டு. மாற்றிப் போட்டால் பெய்ரூத்துக்காரர் கோபித்துக் கொள்வார். திண்டுக்கல்காரருக்கு அந்தக் கோபம் புரியும்.

1975-இல் தொடங்கி 1990 வரை லெபனானில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதற்கு முன்பே உலகெங்கும் பரவியிருந்த லெபனான்காரர்கள் அப்போது இன்னும் அதிகமாகப் புறப்பட்டார்கள். சமையல்காரர்களும் போனார்கள். அதே காலத்தில் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகிற்று. அங்கே தெருவுக்குத் தெரு கம்பி சுழன்றது. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் சம்பளத்துக்கு நின்றவர்களில் நம் மலையாளிகள் பல பேர். அவர்கள் ஊர் திரும்பியபோது கைத்தொழிலும் கூடவே வந்தது. கோழிக்கோடு, மலப்புறம், பாலக்காடு என்று படிப்படியாக நடந்து, கணவாயைக் கடந்து நம் பக்கம் இறங்கிற்று. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தினமும் லாரி லாரியாகக் காய்கறி கேரளத்துக்குப் போவதை எல்லாரும் அறிவார்கள். காய் போயிற்று, பதிலுக்குக் கறி வந்தது. பண்டமாற்று என்று பார்த்தால் நமக்கு நஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நான் கதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த உவமை மொழிபெயர்ப்புதான். வங்காளி நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டுமென்று த. நா. குமாரஸ்வாமி வங்காளி கற்றார். காண்டேகரைத் தமிழர் வீடுகளில் ஒருவராக்கிய கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். மூலத்தின் வாசலுக்கே போய்க் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். அதனால்தான் ஒரு தலைமுறை வாசகர்கள் அந்தப் புத்தகங்களைத் தங்கள் சொந்த நாவல்களாகப் படித்தார்கள். மூலத்தைப் பார்க்காதவர் இங்கிலீஷில் சுருக்கி எழுதியதை இன்னொருவர் தமிழில் சுருக்கினால் என்ன ஆகும்? கதாநாயகன் பெயர் இருக்கும், கதை இருக்காது. நம் ஊர் ஷவர்மாவுக்கு நேர்ந்தது அதுதான். துருக்கியிலிருந்து லெபனானுக்கு வந்தது நல்ல மொழிபெயர்ப்பு. லெபனானிலிருந்து வளைகுடாவுக்கு வந்தது அவசர மொழிபெயர்ப்பு. வளைகுடாவிலிருந்து நமக்கு வந்தது பின்னட்டையில் இருக்கிற கதைச் சுருக்கம்.

மாறுதலே கூடாது என்று சொல்கிற வைதிகன் அல்ல நான். மெக்ஸிகோ தேசத்தில் புவெப்லா என்று ஓர் ஊர். லெபனான், ஈராக் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள் 1930-களில் இதே கம்பியைச் சுழற்றத் தொடங்கினார்கள். அந்த நாட்டுக்காரர்கள் அதை வாங்கிக் கொண்டு, ஆட்டுக்குப் பதில் பன்றி, கோதுமை ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள ரொட்டி, தங்கள் நாட்டு மிளகாய் என்று மாற்றினார்கள். உச்சியிலே ஓர் அன்னாசிப் பழத்தையும் குத்தி வைத்தார்கள். இன்று அது மெக்ஸிகோவின் சொந்தச் சொத்து. 'மேய்ப்பர் பாணி' என்று பெயர். அதைச் சாப்பிடுகிற யாரும் லெபனான் சாப்பாடு சாப்பிட்டதாக நினைத்துக் கொள்வதில்லை. அது தழுவல் என்றாலும் நேர்மையான தழுவல். தழுவியவனுக்குத் தன் நாக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்திருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் நான் சாப்பிட்டவற்றில் அந்த நாக்கைத்தான் காணோம். திண்டுக்கல் சீரகத்தையோ மிளகையோ அங்கே தேடிப் பிரயோஜனமில்லை. முட்டைக்கோசுத் துருவல், காரட், தக்காளி சாஸ், ஒரு கை மிளகாய்ப் பொடி, இவற்றின் மேல் தாராளமாக ஒரு வெள்ளைக் குழம்பு. எந்தக் கடையிலும் இதே தான். கோழி எங்கே என்று தேட வேண்டும்; கிடைத்தாலும் அதன் ருசி தெரியாது. ரொட்டி சில இடங்களில் குபூஸ், சில இடங்களில் மைதா ரொட்டி. ஒரு கடையில் பரோட்டாவிலேயே சுற்றித் தந்தார்கள். அந்தப் பரோட்டா ஷவர்மா ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை ரகசியமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் சால்னா மணம் இருந்தது. கடைக்காரர் தம்மையறியாமல் மெக்ஸிகோ வழியில் அடியெடுத்து வைத்துவிட்டார்.

ருசிக் குறைவு மட்டும் என்றால் இத்தனை தூரம் எழுத மாட்டேன். ருசியில்லாத நாவல்கள்கூட வருகின்றன. யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. இந்த வெள்ளைக் குழம்பு விஷயம் அப்படியல்ல.

கோழி ஷவர்மாவுக்கு லெபனானில் போடுகிற வெள்ளை விழுதுக்கு 'தூம்' என்று பெயர். அரபியில் தூம் என்றால் பூண்டு, வேறொன்றுமில்லை. பூண்டையும் உப்பையும் உரலில் நசுக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுநடுவே எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கடைந்துகொண்டே போனால், வெண்ணெய் மாதிரி நுரைத்துத் திரண்டு வரும். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேராத சாதி என்று நாம் நினைக்கிறோம். பூண்டு நடுவே நின்று இரண்டையும் சேர்த்து வைக்கிறது. சில கடைகளில் முட்டை வெள்ளையைச் சேர்ப்பதுண்டு என்றாலும், பழைய முறையில் முட்டைக்கு வேலையில்லை. ஆனால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக் கடையப் பொறுமை வேண்டும், பூண்டு உரிக்க ஆள் வேண்டும். பச்சை முட்டையைப் போட்டு மிஷினில் அடித்தால் இரண்டு நிமிஷத்தில் ஒரு வாளி மயோனைஸ் தயார். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வெள்ளை. அவசர மொழிபெயர்ப்பாளன் பூண்டை எடுத்துவிட்டு முட்டையை வைத்தது இப்படித்தான்.

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருத்தி இறந்து போனாள். கூடச் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாமக்கல்லில், கரூரைத் தாண்டினால் வந்துவிடுகிற நாமக்கல்லில், ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி போய்விட்டாள். தமிழ்நாடு முழுவதும் முட்டை கொடுக்கிற ஊர் அது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசும் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

பழி முழுவதையும் குழம்பின் தலையில் போடுவதும் நியாயமாகாது. கம்பியிலும் ஆபத்து இருக்கிறது. கூம்பின் வெளிப்புறம் வெந்திருக்கும். உள்ளே பச்சையாக இருக்கும். வெந்ததைச் சீவச் சீவ உள்ளிருப்பது நெருப்புக்கு முன்னால் வரும். அழகான யுக்தி, ஆனால் நெருப்பு அணையக் கூடாது, அவசரப்படவும் கூடாது. வியாபாரம் மந்தமானால் கடைக்காரர் காஸை மிச்சப்படுத்த அடுப்பைத் தணிக்கிறார். கூட்டம் வந்ததும் ஏற்றுகிறார். கூட்டம் அதிகமானால் வேகாததையும் சேர்த்துச் சீவுகிறார். நடுவிலே கறி சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுவென்று நிற்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட அந்த வெதுவெதுப்புத்தான் கிருமிகளுக்குக் கல்யாண காலம். ராத்திரி மீந்த கூம்பை எடுத்து வைத்து மறுநாள் மாட்டினால் பிறகு கேட்கவே வேண்டாம்.

ஒரு மாலை, பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையில், சீவிக் கொண்டிருந்த பையனிடம், "தம்பி, இது எப்போ மாட்டின கறி?" என்று கேட்டேன். வடக்கேயிருந்து வந்த பையன். தமிழ் பாதிதான் தெரியும்.

"சார், எக்ஸ்ட்ரா மயோனைஸ் வேணுமா?" என்றான்.

"அது இல்லப்பா. கறி எப்போ வெச்சது?"

அவன் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். கல்லாவில் இருந்தவர், "ஏன் சார், ஹெல்த் டிபார்ட்மெண்டா நீங்க?" என்று சிரித்துக் கொண்டே கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "கேட்டா என்னங்க தப்பு?" என்று எனக்காகப் பரிந்து பேசினார். பேசியவர், பதில் வருவதற்குள் தமக்கு இரண்டு பார்சல் சொல்லிவிட்டார்.

அந்தப் பெரியவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவர் நிச்சயமாகப் பிரியாணிக் கடையில் ஆட்டின் வயதைக் கேட்கிறவர். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர். இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை? பெயர் தெரியாத பதார்த்தத்தின் முன்னால் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. இது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக் கொள்கிறோம். புரியாத புதுக் கவிதையைக் கேட்டுத் தலையாட்டுகிற சபையிலும் இந்தக் கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். விருந்தாளியைச் சோதிக்கக் கூடாது என்கிற மரியாதை மனிதர்களுக்குப் பொருந்தும், கறிக்குப் பொருந்தாது.

இந்தக் கடைகளை மூடிவிட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்பிக்கு முன்னால் நிற்கிற பையன் ஐந்து மணிக்கு நின்றால் பதினோரு மணி வரைக்கும் அந்த அனலிலேயே நிற்கிறான். வியர்வை சொட்ட நின்று ஊருக்குப் பணம் அனுப்புகிறான். இன்னொன்றும் உண்டு. பழைய பிரியாணி ஹோட்டல்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் ராஜ்யமாகவே இருந்தன. பெண்கள் போனால் 'பேமிலி ரூம்' என்று ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். இப்போது ஆலையிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் மூன்று பேராக வருகிறார்கள். சொந்தச் சம்பளத்தில் வாங்கி, தெருவிலே நின்று, சிரித்துப் பேசிக் கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். திரையில்லாமல் நிற்கிற அந்த இடத்தை அவர்களுக்கு முதலில் கொடுத்தது எங்கிருந்தோ வந்த இந்தக் கம்பிதான். நாமக்கல்லில் போன குழந்தையும் வீட்டாரோடு சந்தோஷமாகச் சாப்பிட ஆசைப்பட்ட குழந்தைதான். ஆசையில் என்ன தப்பு? அந்த ஆசைக்கு யோக்கியமான சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும்.

சரி, எங்கே சாப்பிடலாம்? என் உறவுக்காரப் பிள்ளைக்கு நான் சொன்னதையே சொல்கிறேன்.

முழு மெஸ்ஸே மேஜை வேண்டுமானால் திண்டுக்கல்லில் தேடாதே. சென்னை, பெங்களூர், கொச்சி போன்ற பட்டணங்களில் தேடு. அங்கேயும் பலகையைப் பார்த்து நுழையாதே, விலைப் பட்டியலைப் பார். முதல் பக்கத்தில் இறைச்சியே இல்லாமல் எட்டுப் பத்து பதார்த்தங்கள் இருந்தால் உள்ளே போ. முதல் வரியிலேயே கம்பிக் கோழி இருந்தால் அது அரபுப் பெயர் சூட்டிய பொரித்த கோழிக் கடை. உள்ளே போனபின் ஹம்மஸை மட்டும் முதலில் கேட்டு வாங்கு. எள் மணம் வந்தால் மேலே சொல்லு. வெறும் கடலை மாவு ருசி அடித்தால் காபியோடு நிறுத்திக் கொள்.

திண்டுக்கல்லிலேயே ஷவர்மா சாப்பிட வேண்டும் என்றால் சின்னக் கூம்பு வைத்திருக்கிற கடையைப் பார். பெரிய கூம்பு கடைக்காரரின் ஆசையைக் காட்டும். சின்னக் கூம்பு கணக்கைக் காட்டும். ஒன்பதரை மணிக்கு "தீர்ந்துபோச்சு" என்று சொல்கிற கடை உத்தமம். சீவிய கறியை மறுபடி ஒரு தடவை கல்லில் போட்டுப் புரட்டித் தருகிறார்களா என்று கவனி. கேரள அரசு வகுத்த விதிகளிலும் அது இருக்கிறது. வெள்ளைக் குழம்பு என்ன என்று வாய்விட்டுக் கேள். பூண்டு என்றால் போடச் சொல். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழமும் வெங்காயமும் கேள். பார்சல் வாங்கிக் கொண்டு போய் நடுராத்திரியில் பிரித்துச் சாப்பிடாதே. அங்கேயே நின்று, சூடாக, கையைச் சுட்டுக் கொண்டு சாப்பிடு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் உள்ள அந்தப் பூண்டு விளைகிற மலை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சீரகச் சம்பாவைச் சொல்லிப் பேர் வாங்கிய ஊரில், மலைப்பூண்டில் கடைந்த தூம் என்று பலகையில் எழுதி வைக்க ஒருவருக்குத் தோன்றவில்லையே! கொஞ்சம் விலை கூடத்தான் செய்யும். சந்தை பார்த்து ஆடு வாங்கினால்கூடத்தான் விலை கூடுகிறது. இந்த ஊர் ஜனங்கள் கொடுக்கத்தானே செய்கிறார்கள்?

கடை வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம் என்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காய் நாலு, பெரியதாகப் பார்த்து வாங்கி, நம் பாட்டிமார் துவையலுக்குச் சுடுவது மாதிரியே தோல் கருகச் சுட்டுக் கொள்ளுங்கள். உரித்த சதையைக் கத்தியால் கொத்துங்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். வெள்ளை எள்ளைச் சிவக்காமல் வறுத்து, நல்லெண்ணெய் அதிகம் விடாமல் மைய அரைத்து அதோடு சேருங்கள். உப்பு, எலுமிச்சை, நசுக்கிய மலைப்பூண்டு இரண்டு பல். கோதுமை ரொட்டியைக் கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடலாம். கரண்டி எதற்கு? அந்த ஊர்க்காரர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பெரிய விருந்தைப் பழத்தட்டோடு முடிக்கிறவர்கள். நீங்கள் இரண்டு சிறுமலை வாழைப்பழத்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்; தோல் கறுத்துச் சுருங்கியதாகப் பார்த்து.